பத்து நாள் மாத்திரை

போன வாரம் என் மகளுக்குத் தொண்டை வலி. காலையில் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, "நல்லா அண்ணாந்து கொப்பளி" என்று குளியலறைக்கு அனுப்பினேன். ஒன்பது வயதுக்காரி. அவள் கொப்பளிப்பதே ஒரு கச்சேரி. கடகடவென்று ஆரம்பித்து, நடுவில் ஏதோ ஒரு பாட்டு மெட்டுக்கு மாறி, கடைசியில் அவளுக்கே சிரிப்பு வந்து புரையேறி, கண்ணாடி முழுக்க உப்புத் தண்ணீர். அடுப்படியில் தோசைத் திருப்பியோடு நின்றிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தோசை கருகி, புகை வந்து, அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. கோமுவும் இப்படித்தான் பாட்டு மெட்டில் கொப்பளிப்பாள்.

கோமு என் தங்கை. கோமதி. என்னைவிட மூன்று வயது இளையவள் என்றுதான் எழுதத் தோன்றுகிறது. இப்போது கணக்குப் பார்த்தால் நான் அவளைவிட எங்கோ தூரமாக வந்துவிட்டேன். அவள் இருபத்து நான்கிலேயே நின்றுவிட்டாள்.

மகளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். புணேயில், முண்ட்வா பக்கம், எங்கள் ஃப்ளாட்டுக்கு எதிரேயே இருக்கிறது கிளினிக். ஏசி, மீன் தொட்டி, சுவரில் ஒட்டகச்சிவிங்கி. சின்ன வயசு டாக்டரம்மா. தொண்டையைப் பார்த்துவிட்டு, டான்சில் வீங்கி வெள்ளை வெள்ளையாய்ப் பிடித்திருக்கிறது, பத்து நாள் மாத்திரை, காய்ச்சல் விட்டாலும் நிறுத்தாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "பத்து நாளா? முழுசா பத்தா?" என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதியிருக்கிறது என்று காட்டினாள். திரும்ப ஒரு தடவை கேட்டேன். இந்த அம்மாளுக்குக் காது மந்தம் போல என்று நினைத்திருப்பாள். மகள் என் புடவை முந்தானையை இழுத்து, "மம்மா, ஐ காட் இட், தஸ் தின்" என்று பத்து நாளை ஹிந்தியில் சொன்னாள். அவளுக்கு நேராகவே எல்லாம் புரிகிறது. யாரும் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரியாது, பத்து வயதில் எனக்கு அதுதான் உத்தியோகம். மொழிபெயர்ப்பாளர். எங்கள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கோர்படி டீசல் ஷெட்டுக்கு ஃபிட்டராக வந்தவர். ரயில்வே காலனியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்கு ஹிந்தி வரும். ஆனால் அது ஷெட்டில் கற்ற ஹிந்தி. அதில் வசவு பாதி, மீதி எஞ்சின் உதிரி பாகங்களின் பெயர்கள். பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டாக்டரிடம் பேசக்கூடிய பாஷை இல்லை அது. அம்மாவுக்கோ ஒரே ஒரு சொல்தான், 'அச்சா'. பால்காரரிடமும் அச்சா, பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவிடமும் அச்சா, கரண்ட் பில் கொண்டுவந்தவரிடமும் அச்சா. காய்கறிக்காரியிடம் மட்டும் விரலால் பேசி, விரலாலேயே பேரம் பேசி ஜெயித்துவிடுவாள்.

ஆகவே ரேஷன் கடை, பள்ளிக்கூடம், டாக்டர் எல்லா இடத்துக்கும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். பார்ப்பவர்களுக்கு அவள் என்னைக் கூட்டிப் போவதுபோல் இருக்கும். எனக்குள் நான்தான் அவளைக் கூட்டிப் போகிறேன் என்ற நினைப்பு. அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை. பெரியவர்கள் மூச்சுவிடாமல் பேசுவதை நான் இரண்டே வரியில் தமிழில் சொல்லி முடித்துவிடுவேன். "எம்மவ கெட்டிக்காரி, சாறப் புழிஞ்சி குடுத்துருவா" என்று அம்மா காலனியெல்லாம் சொல்வாள். சக்கை என்று நான் எதைத் தூரப் போட்டேன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

சாறு என்றதும் ரஸவந்தி ஞாபகம் வருகிறது. புணேயில் கரும்புச் சாறு விற்கிற கடைக்கு அப்படிப் பெயர். கரும்பு பிழிகிற சக்கரத்தில் சலங்கை கட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற ஜல்ஜல் என்று தெருமுனை வரை கேட்கும். இஞ்சியும் எலுமிச்சையும் கரும்போடு நசுங்குகிற வாசனை சத்தத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். எங்கள் டாக்டரின் கிளினிக், கோர்படி ரயில்வே கேட்டைத் தாண்டி, அந்த ரஸவந்திக்கு அடுத்த கதவு. டாக்டரிடம் பேசிக் கொடுத்ததற்கு எனக்குச் சம்பளம் ஒரு கிளாஸ் கரும்புச் சாறு, ஐஸ் போட்டு. அம்மா அதை ஒருமுறைகூட மறந்ததில்லை.

கோமுவுக்கு வருஷத்தில் நாலைந்து தடவை தொண்டை கட்டிவிடும். முதலில் அம்மாவின் வைத்தியம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கழுத்தில் பத்துப் போடுவாள். பாலில் மிளகு. சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வாள். கோமு அதைக் கட்டிலுக்கு அடியில் துப்பிவிடுவாள், எறும்புதான் காட்டிக் கொடுக்கும். பெரும்பாலும் நாலு நாளில் சரியாகிவிடும். தொண்டை வலி என்றால் எல்லாமே பயப்பட வேண்டியதில்லை, சளியோடு வந்து சளியோடு போகிறதுதான் அதிகம் என்று பிற்பாடு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். பிற்பாடு நான் படித்ததற்குக் கணக்கே இல்லை.

அந்தத் தடவை வந்தது வேறு மாதிரி. கோமுவுக்கு ஏழு வயது. எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது. காய்ச்சலில் உடம்பு அனலாகக் கொதித்தது. டீயில் தோய்த்த காரி பிஸ்கட்டைக்கூட வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். காரியை அவள் வேண்டாம் என்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம். அப்பாவுக்குப் பகல் ஷிப்டு. அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், நான் முன்னால் நடந்தேன். கேட் வழக்கம்போல மூடிக் கிடந்தது. இரண்டு ரயில் போகிற வரை வெயிலில் நின்றோம்.

டாக்டரைக் காலனிப் பிள்ளைகள் எல்லாரும் 'டாக்டர் காகா' என்போம். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. அம்மாவுக்குக் கடைசி வரை அந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வந்துவிடும். அன்றைக்கு மட்டும் சிரிக்கவில்லை.

"பேட்டா, ஆ கரோ" என்று டார்ச் அடித்தார். கோமு ஆ என்றாள். கூடவே நானும் எதற்கென்று தெரியாமல் வாயைத் திறந்தேன். பார்த்து முடித்துக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்து ஹிந்தியில் பேச ஆரம்பித்தார். இது சளித் தொண்டை இல்லை என்றார். பத்து நாள் மாத்திரை என்றார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிடும், அப்போது நிறுத்திவிடக் கூடாது என்றார். நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். பத்தாம் நாள் வந்து காட்டச் சொன்னார். விரல்களை விரித்து இரண்டு கையையும் என் முகத்துக்கு முன்னால் காட்டி, "பூரே தஸ் தின்", முழுசாகப் பத்து நாள், என்றார்.

எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஆனால் பக்கத்துக் கடையில் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஜல்ஜல்.

அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி, என்ன சொல்லுதாரு?"

"தொண்டைல சதை வீங்கியிருக்காம். காய்ச்சல் விடுத வரைக்கும் காலைலயும் ராத்திரியும் மாத்திர குடுக்கணுமாம்."

"இம்புட்டு நேரம் பேசுனாரே?"

எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. சாறு பிழிவதில் பெயர் வாங்கியவள் இல்லையா? வரி போதவில்லை போலிருக்கிறது என்று நானாக ஒன்று சேர்த்தேன். "குளிர்ச்சி ஆகாதாம். குளிர்ச்சியா எதுவும் குடுத்துரக் கூடாதுன்னு ரெண்டு மூணு மட்டம் சொல்லுதாரு." டாக்டர்கள் வழக்கமாகச் சொல்வதுதானே என்று சேர்த்தேன். இன்னொரு காரணமும் இருந்தது, சொல்லக் கூசுகிறது. குளிர்ச்சி ஆகாது என்றால் கரும்புச் சாற்றில் கோமு பங்கு கேட்க மாட்டாள்.

அம்மா டாக்டரைப் பார்த்து, "அச்சா" என்றாள். அவரும் திருப்தியாகத் தலையாட்டினார். நான் வெளியே வந்து ஐஸ் போட்ட ஒரு முழு கிளாஸ் குடித்தேன். அம்மா தோளில் சாய்ந்தபடி கோமு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. நாலாம் நாள் காலையில் கோமு காரி கேட்டாள். மிச்ச மாத்திரையை அம்மா காகிதத்தில் சுற்றி, அடுத்த தடவைக்கு ஆகும் என்று பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். வெறும் வயிற்றில் விழுங்கின மாத்திரைச் சூடு தணியட்டும், பிள்ளை நாலு நாளாய் ஒன்றும் தின்னவில்லையே என்று, அன்றைக்கு மத்தியானம் குழைந்த சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து ஊட்டினாள். "குளிர்ச்சின்னாரே டாக்டரு... ஒரு வாய்தான, ஒண்ணும் செய்யாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே ஊட்டினாள். கோமு ஆவலாகச் சாப்பிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் இல்லை, விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்து ஊறுகாய் நக்கிக்கொண்டு அதைப் பார்த்தேன்.

மூன்று வாரம் இருக்கும். ஒருநாள் கோமு முழங்கால் வலிக்கிறது என்றாள். வலது முழங்கால் வீங்கியிருந்தது. கயிறு தாண்டியதில் பிசகியிருக்கும் என்று அப்பா தைலம் தேய்த்தார். இரண்டு நாளில் முழங்கால் சரியாகி, இடது கணுக்கால் வீங்கியது. அது வடிந்து மணிக்கட்டு. வலி வீடு மாற்றுகிற மாதிரி ஒவ்வோர் இடமாகப் போனது. நாங்கள் சிரித்தோம். உண்மையாகவே சிரித்தோம். "இன்னிக்கி எங்கட்டி வலிக்கி?" என்று அப்பா கேட்பார், அவள் விரலால் காட்டுவாள். பிறகு ஒரு சாயங்காலம் வாசல்படி மூன்று ஏறியதற்குள் மூச்சு வாங்கி, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் அவள் நெஞ்சு சட்டைக்கு மேலே துடிப்பது தெரிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. நிதானமாகப் பேசுகிறவள். எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, படம் வரைந்து விளக்கினாள். தொண்டையில் வந்த கிருமியை அடிக்க உடம்பு தனக்குள்ளே ஒரு படை திரட்டும். கிருமியை முழுசாக ஒழிக்காமல் விட்டால் அந்தப் படை சில குழந்தைகளுக்கு அடங்காது. தன் உடம்பின் மூட்டையே போய் அடிக்கும். மூட்டு வீங்கும், வடியும், தழும்பு இல்லாமல் போய்விடும். இதயத்துக்குள்ளே ரத்தம் போகவர இருக்கிற வால்வுகளை அடித்தால் மட்டும் அந்தக் காயம் ஆறாது. இதயத்தைப் படம் போட்டு, ஒரு வால்வின் மேல் பேனாவால் புள்ளி வைத்தாள். பிறகு, கொஞ்ச நாள் முன்னால் தொண்டை வலி வந்ததா, பத்து நாள் மாத்திரையை முழுசாகக் கொடுத்தீர்களா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னாள்.

அந்த இடத்தில்தான் என் வாழ்க்கை நிற்கிறது என்று எனக்குத் தோன்றும். பத்து வயது எல்லாம் தெரியாத வயது இல்லை. எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் தெரிந்துவிட்டது.

"யம்மா, தொண்ட வலிச்சப்ப மாத்திர குடுத்தியான்னு கேக்காங்க."

"குடுத்தமே. காய்ச்சல் விடுத வரைக்கும் குடுத்தம்லா."

நான் டாக்டரம்மாவிடம் திரும்பி, "ஹாங். பூரா தியா" என்றேன், ஆமாம், முழுசாகக் கொடுத்தோம் என்று.

அவள் எழுதிக்கொண்டாள். கட்டிலில் கோமு கண்ணைத் திறந்து மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக பிஸ்கட் டப்பாவைத் திறந்து, அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய், தண்டவாளத்துக்கு அப்பால் சாக்கடையில் போட்டேன். பதினாலு மாத்திரை. அம்மா பிற்பாடு ஒருநாள், "இங்கன வச்ச மாத்திரையக் காணுமே" என்று தேடினாள். எலி இழுத்திருக்கும் என்றேன்.

வீட்டில் அப்பாவுக்கு ஆற்றாமை. ஆற்றாமை கோபமாகத்தான் வரும் அவருக்கு. "எதுனால வந்துச்சாம்?" என்று கேட்டார். தொண்டையிலிருந்து வந்ததாம் என்றேன். அம்மா தரையைப் பார்த்தபடி, "டாக்டரு குளிர்ச்சி ஆகாதுன்னு ரெண்டு மூணு மட்டம் சொன்னாராம். நாந்தான் தயிரு ஊத்திட்டேன்" என்றாள். அப்பா அவளை அடித்ததில்லை, அன்றைக்கும் அடிக்கவில்லை. "தொண்டக் கட்டுன புள்ளைக்கு எவளாவது தயிரு ஊத்துவாளா? நீதான் அவளுக்கு இந்த நோவக் கொண்டாந்த" என்று மட்டும் சொன்னார். நான் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா தயிர் தொடவில்லை. சபதம் எதுவும் சொல்லவில்லை, அழவும் இல்லை. எங்கள் மூவருக்கும் தயிர் ஊற்றுவாள், தனக்கு ரசத்தோடு நிறுத்திக்கொள்வாள். மோரும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் தயிர் வாளி வருகிறபோது இலையை மடித்துவிடுவாள். இதை நானே கவனிக்க ஒரு வருஷம் ஆயிற்று. அப்பா முன்னாலேயே கவனித்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டெய்ரியிலிருந்து மண்சட்டியில் கெட்டித் தயிர் வாங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் அவள் முன்னால் வைப்பார். தான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவாள். அந்தச் சட்டிகளில் கொத்தமல்லி முளைக்கப் போடுவோம். அப்பா சாகும் வரை எங்கள் ஜன்னலில் கொத்தமல்லிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

இனி ஒருமுறை தொண்டையில் அந்தக் கிருமி வந்தால் வால்வு இன்னும் கெடும் என்று கோமுவுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். வருஷக்கணக்காக. மூன்றாவது வாரம் சனிக்கிழமை வந்தால் நாங்கள் இரண்டு பேரும் கேட்டைத் தாண்டி பஸ் பிடிப்போம். இடுப்பில் போடுகிற ஊசி. மருந்து கஞ்சி மாதிரி கெட்டியாக இருக்கும், உள்ளே போக மனசே வராது. முதலில் முன்கையில் கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்பார்கள். நர்ஸ் அதைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, தடிக்கிறதா பார் என்று அரைமணி நேரம் பெஞ்சில் உட்கார வைப்பாள். கோமு என் பேனாவை வாங்கி அந்த வட்டத்துக்குக் கண்ணும் மூக்கும் மீசையும் வரைவாள். ஒரு தடவை டாக்டர் காகாவின் கண்ணாடி. ஒரு தடவை அம்மாவின் மூக்குத்தி. "யக்கா, இது நீ" என்று ஒருநாள் வாயை மட்டும் பெரிசாகத் திறந்து வரைந்தாள். நான் சிரித்தேன். ஊசி போட்டுக்கொண்டு நொண்டிக்கொண்டே வருவாள். ரஸவந்தியைத் தாண்டும்போது, "குடியேன் யக்கா" என்பாள். எனக்கு வேண்டாம். அந்தக் கிளாஸுக்குப் பிறகு நான் கரும்புச் சாறு குடித்ததில்லை. அம்மாவின் தயிருக்கு ஈடாக நானும் ஒன்றை விட்டேன் என்று பெருமை பேசவில்லை. அம்மா செய்யாத தப்புக்கு விட்டாள். இரண்டும் ஒன்றாகாது.

ஊசி அதிகம் தவறவில்லை. ஆனாலும் முதல் தடவை பட்ட காயமே பெரிது. கோமு படித்தாள், ரஞ்சன்காவ் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலைக்குப் போனாள், விடிகாலைக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு மிக்ஸி. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் முதலில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், பிறகு இரண்டு இடத்தில், பிறகு நான்கு. கடைசியில் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று தலையணை மூன்றை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினாள். வால்வை மாற்ற வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது.

ஒரு மத்தியானம், பார்வையாளர் நேரம். அம்மா வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தாள். கோமு ஆக்சிஜன் குழாயைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"யக்கா, டாக்டர் காகா அன்னிக்கி பத்து நாளுன்னாருல்ல?"

அவள் எங்கள் எல்லாரையும்விட நன்றாக ஹிந்தி பேசுவாள். ஏழு வயதிலேயே பேசுவாள், காலனித் தெருவில் விளையாடிக் கற்றது. அன்றைக்கு அம்மா தோளில் இருந்தவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். பதினேழு வருஷம் இது எனக்கு உறைக்கவே இல்லை. மொழிபெயர்ப்பாளர் நான் ஒருத்திதான் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறேன்.

"தெரிஞ்சுகிட்டா இருந்த? ஏம்ட்டி அப்பவே சொல்லல?"

"மாத்திர கசந்துச்சு" என்றாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ சொல்லாம விட்டது எனக்கு சந்தோசமா இருந்துச்சு. பொறவு ஆஸ்பத்திரில நீ பூரா குடுத்தோம்னு சொன்னப்ப... அம்மா உன்னைய அடிப்பாளேன்னு சும்மா இருந்துட்டேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கை எலும்பாக இருந்தது. என் அழுகையை அவள் பொறுமையில்லாமல் பார்த்தாள். அவளுக்கு வேறு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, மூச்சு போதவில்லை.

"குளிர்ச்சி ஆகாதுன்னு அவரு சொல்லவே இல்லயே, யக்கா. அம்மாட்ட சொல்லிரு. அவ தயிரு சாப்புடட்டும்."

சொல்கிறேன் என்றேன். தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அம்மா வெந்நீரோடு வந்தாள். நாலு நாள் கழித்துக் கோமு போய்விட்டாள்.

நான் சொல்லவில்லை. உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. பதினாறாம் நாள் முடியட்டும் என்று பார்த்தேன். பிறகு வருஷ நினைவு நாள் முடியட்டும். பிறகு அப்பா போனார், இந்த நேரத்திலா என்று விட்டேன். எனக்குக் கல்யாணம், குழந்தை. அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒருநாள் மத்தியானம் துணிந்து ஒரு கிண்ணம் தயிரை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "யம்மா, ஒரு விசயம்" என்று ஆரம்பித்தேன். அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "எனக்கு ஒத்துக்கிடாதுட்டி. நீ ஊத்திக்க" என்றாள். அவள் முகத்தில் துளி வருத்தம்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் என்னை மன்னித்துவிடுவாள். அது நிச்சயமாகத் தெரியும். ஆனால் அத்தனை வருஷத்துச் சோற்றை அவளுக்கு யார் திருப்பித் தருவது? தயிரை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன். அவள் இரண்டு வருஷம் முன்னால் போனாள். கடைசி நாட்களில் எது கொடுத்தாலும் வாயைத் திறந்தவள், கரண்டியில் தயிர் வந்தால் மட்டும் உதட்டை மூடிக்கொண்டாள்.

பத்து நாள் மாத்திரையும் கொடுத்திருந்தால் கோமு பிழைத்திருப்பாளா? ஒரு டாக்டரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் அந்த இதய நோயே வந்திருக்காது, ஆனால் அடித்துச் சொல்ல முடியாது என்றார். பாவம், எனக்காக அந்த 'ஆனால்' சொன்னார்.

கோர்படி கேட் இப்போது இல்லை, மேலே பாலம் போட்டுவிட்டார்கள். பாலத்தில் போகிறவர்களுக்குக் கீழே அப்படி ஒரு காத்திருப்பு இருந்ததே தெரியாது. டாக்டர் காகாவின் கிளினிக்கில் மொபைல் கவர் விற்கிறார்கள். ரஸவந்தி இருந்த இடத்தில் மோமோ கடை. காலனியில் எங்கள் வீடு இருந்த வரிசையையே இடித்தாயிற்று. நல்லெண்ணெய் வாசனை வீசுகிற வீடு அங்கே ஒன்றிரண்டு இருக்கலாம். என் வீட்டில் தமிழ் எனக்கு மட்டும்தான் முழுசாக வரும். மகள் கேட்பாள், புரிந்துகொள்வாள், பதில் வேறு மொழியில் வரும். 'ஏட்டி' என்று என்னைக் கூப்பிட ஆளில்லை, 'யக்கா' என்று கூப்பிடவும் ஆளில்லை.

இன்றைக்குப் பத்தாம் நாள். காலையில் கடைசி மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். "மம்மா, தொண்டை டீக் ஹோ கயா நா, அப்புறம் ஏன் டேப்லெட்?" என்று சிணுங்கினாள். விழுங்குகிற வரை நின்றேன். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடினாள். வீடு அமைதியாகிவிட்டது. சமையல் மேடையில் நேற்று உறை ஊற்றிய தயிர் கட்டியாகத் தோய்ந்திருந்தது. நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளில்லாத அடுப்படியில் வாய்விட்டுச் சொன்னேன். இந்த முறை எதையும் சுருக்கவில்லை.

"யம்மா, டாக்டரு சொன்னது இதான். இது சளித் தொண்டை இல்லியாம். ரெண்டு பக்கமும் சீழ் பிடிச்சிருக்காம். பத்து நாளும் மாத்திர குடுக்கணுமாம். மூணாம் நாளே காய்ச்சல் விட்டுரும், புள்ள ஓடி ஆடும், அப்பவும் நிறுத்திரக் கூடாதாம். நிறுத்துனா பின்னால மூட்டையும் நெஞ்சையும் பிடிக்குமாம். முழங்கால் வலிச்சாலோ மூச்சு வாங்குனாலோ அன்னிக்கே தூக்கிட்டு வரணுமாம். பத்தாம் நாளு வந்து காட்டணுமாம். அம்புட்டுதாம்மா சொன்னாரு. குளிர்ச்சின்னு சொன்னது நானு. தயிரப் பத்தி அவரு ஒரு வார்த்தகூட சொல்லல."